கையிலிருப்பதே களவுக்குச் சான்றாகுமா? கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பாலாற்றின் வழியில் அமைந்த பேத்தமங்களா ஏரி, கோலார் தங்கவயலின் தாகம் தீர்த்த ஏரியாகும். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு தமிழகம் நோக்கி வரும் வழியில் இவ்வேரியை நிரப்புகிறது. சுரங்கக் குடியிருப்புகளுக்கு நீர் இங்கிருந்து சென்றது. மின்சாரம் 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து வந்தது. உழைப்பு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தது. அவ்வாறு வந்தோருள் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களாகிய தமிழர். நீரும் மின்சாரமும் உழைப்பும் உள்ளே வந்தன. பொன் வெளியே சென்றது. உள்ளே வந்தவற்றுள் ஒன்று மட்டுமே நாள்தோறும் வெளியேறும்போது சோதனைக்கு உள்ளானது. அது மனித உடல்.

2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு கன்னடத் திரைப்படங்களின் வாயிலாகத் தங்கவயல் என்னும் பெயர் இந்தியா முழுவதும் பரவியது. அப்படங்கள் காட்டும் தங்கவயல் சட்டம் நுழையாத நிலம். துப்பாக்கியே நீதி வழங்கும் நிலம். அமெரிக்க மேற்கெல்லைக் கதைகளில் வரும் பொன்னூர்களின் சாயலை அதில் காணலாம். ஆனால் வரலாற்றுத் தங்கவயலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்குச் சட்டம் இல்லாமற் போகவில்லை. சட்டமே மிகுதியாக இருந்தது. இம்மாறுபாட்டிலிருந்து ஓர் அறவியல் வினா எழுகிறது. ஒரு மனிதன் செயல் எதுவும் செய்வதற்கு முன்பே அவனைக் கள்வனெனக் கொள்ளும் சட்டம், கள்வனைக் குற்றஞ்சாட்டும் தகுதியைப் பெற்றிருக்கிறதா? இவ்வினாவைத் தங்கவயல் வரலாற்றின் துணையோடும், பொன்னும் களவுப்பழியும் மையமாக அமைந்த சிலப்பதிகார வழக்கின் துணையோடும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

சட்டமற்ற நிலம் எனும் கதை

முதற்கண் ஒப்பீட்டுக்குரிய அமெரிக்க நிலையைக் காண்போம். 1848 சனவரியில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில், பிப்ரவரித் தொடக்கத்தில் கையெழுத்தான உடன்படிக்கையால் அந்நிலம் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது. பொன் தேடி வந்தவர்கள் தாமே கூடி எல்லை வகுத்தனர். தாமே தண்டனையும் வழங்கினர். 1851இலும் 1856இலும் சான் பிரான்சிஸ்கோ நகரில் குடிமக்கள் குழுக்கள் நீதிமன்றத்தைப் புறந்தள்ளித் தூக்குத் தண்டனை நிறைவேற்றின. சட்டமின்மை என்று பொதுவாகச் சுட்டப்படுவது இதுவே.

ஆயினும் அதே ஆண்டுகளில் அங்குச் சட்டங்களும் இயற்றப்பட்டன என்பது நோக்கத்தக்கது. 1850இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது திங்களுக்கு 20 டாலர் வரி விதிக்கப்பட்டது. மெக்சிகோ, சிலி முதலிய நாடுகளைச் சேர்ந்தோர் பலர் அதனால் பொன்வயல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. 1854இல் அம்மாநில உச்சநீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் கூறும் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று எனத் தீர்ப்பளித்தது. கொலையைக் கண்ணால் கண்ட சீனரும் நீதிமன்றத்தில் வாய் திறக்க இயலாத நிலை உருவாயிற்று. வாக்கீன் முர்ரியெட்டா என்னும் மெக்சிகக் கொள்ளையனைப் பற்றிய கதை இச்சூழலில் பிறந்ததே. 1853இல் அரசு அமர்த்திய படையினர் ஒருவனைக் கொன்று, அவன் தலையை அவனுடையதென்று கொணர்ந்து காட்டினர். மறு ஆண்டே அவன் ஒரு புதினத்தின் தலைவனானான். அநீதிக்கு உள்ளானவனே கொள்ளையனானான் என்பது அப்புதினத்தின் போக்கு. அதனை எழுதியவரோ தம் மண்ணிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட செரோக்கி இனத்தவர்.

இவற்றால் ஒன்று புலனாகிறது. பொன்னூர்களின் ஒழுங்கின்மை சட்டம் இல்லாமையால் மட்டும் விளைந்ததன்று. யாரைக் காக்க வேண்டும், யாரை ஐயுற வேண்டும் என முன்னரே முடிவு செய்துகொண்ட சட்டத்தாலும் அது விளைந்தது.

சட்டம் நிறைந்த பொன்னிலம்

தங்கவயலின் தொடக்கம் இதனின்றும் வேறுபட்டது. மைக்கேல் லவெல் என்பார் மைசூர் அரசிடம் 1875இல் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண் சன்ஸ் நிறுவனம் வந்தது. உரிமம், குத்தகை, அரசுக்குரிய பங்கு ஆகியன தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுக்கப்பட்டன. குதிரைமீது வரும் கொள்ளையனுக்கு இங்கு இடமில்லை. சுரங்கங்களுக்கெனக் காவலர் இருந்தனர். தங்கவயலுக்கெனத் தனிக் காவல்துறை நிருவாகம் அமைந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் இயங்கி, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டிய இச்சுரங்கங்களிலிருந்து 800 டன்னுக்கும் மிகுதியான பொன் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

இத்தகைய இடத்தில் ‘குற்றம்’ என்பது முதன்மையாகப் பொன் களவையே குறித்தது. அக்களவு நிகழவே இல்லை எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பொன் விரவிய கல்லும் பாதரசக் கலவையும் களவாடப்பட்டன; அவற்றை உருக்கித் தருவோரும் வாங்குவோரும் இருந்தனர். இங்குக் கவனத்திற்குரியது களவு நிகழ்ந்ததா என்பதன்று. களவை முன்னிட்டு அமைந்த நெறி எத்தகையது என்பதே.

பொதுச் சட்டத்தில் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டுபவரைச் சாரும். சுரங்கப் பகுதிகளில் அது தலைகீழாயிற்று. பொன் கலந்த சுரங்கப் பொருளை ஒருவர் வைத்திருப்பாராயின், அது தமக்கு எவ்வாறு வந்ததென்று அவரே மெய்ப்பிக்க வேண்டும், இயலாதவர் குற்றவாளி. உலகின் பிற சுரங்க நிலங்களிலும் இந்நெறி காணப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களை முன்னிட்டு 1882இல் இயற்றப்பட்ட வைர வணிகச் சட்டம், உரிமமின்றி வைரம் வைத்திருத்தலையே குற்றத்துக்குப் போதிய சான்றாகக் கொண்டது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கத் தொழிலாளர் அங்கு மதில் சூழ்ந்த வளாகங்களில் அடைக்கப்பட்டனர். கையில் இருந்தால் கள்வன் என்பது இந்நெறியின் சாரம் எனலாம்.

மதுரையில் நிகழ்ந்த வழக்கு

தமிழ் மரபு இந்நெறியை அறியாததன்று. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை இக்கண் கொண்டு மீண்டும் பயிலுதல் தகும். பாண்டியன் பிறப்பித்த ஆணையின் அமைப்பு ஆய்வுக்குரியது. அது ஒரு நிபந்தனை வாக்கியம். தேவியின் சிலம்பு அவன் கையகத்து இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்பது அதன் பொருள். சிலம்பு அவன் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினாவிற்கு அவ்வாணையில் இடமே இல்லை. கையிலிருத்தலே சான்று, சான்றே தீர்ப்பு, தீர்ப்பே தண்டனை. உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் மன்னனின் அவசரத்தையும் ஊழின் வலிமையையும் விரிவாகப் பேசியுள்ளனர். இவற்றோடு, மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறியமையும் கோவலன் கொலைக்குக் காரணமாயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

அதனினும் நுட்பமானது அடுத்த காட்சி. கோவலனைக் கண்ட காவலர் தயங்குகின்றனர்; இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூல் கூறும் எண்வகைத் துணைகளை விரித்துரைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என அவை அமையும். அவன் வாதத்தின் உள்ளமைப்பு இது: கள்வர் அத்துணைத் திறம் வாய்ந்தவர், ஆகையால் கள்வனாகத் தோன்றாமையும் களவின் அடையாளமே. இவ்வாதத்தின் முன் குற்றமற்றவனுக்கு மீளும் வழி இல்லை. கள்வனைப் போல் இருந்தால் கள்வன். இல்லாவிடில் தேர்ந்த கள்வன். கண்முன் நிற்கும் மனிதனைப் பற்றிய அறிவு, ‘கள்வர் என்னும் வகை’ பற்றிய நூலறிவால் மறைக்கப்படுகிறது. அந்நூலறிவை ஓதுபவனே உண்மைக் கள்வன் என்பது காப்பியத்தின் கூர்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடியேற்ற ஆட்சி இத்தகைய களவு நூலொன்றை விரிவாகவே எழுதியது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் தனிமனிதனின் செயலை நோக்காமல், அவன் பிறந்த குடியை நோக்கிக் குற்றம் சாற்றியது. 1911இல் திருத்தி இயற்றப்பட்டபின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. களவு செய்யாதவனும் களவு செய்யக்கூடியவனாகப் பதிவேட்டில் இடம்பெற்றான்.

பெருவிரலின் மறுப்பு

அப்பதிவேட்டின் கருவி கைரேகை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் நிறுவப்பட்டது. அதுமுதல் குற்றவாளியை அடையாளம் காணும் வழியாகக் கைரேகை வளர்ந்தது. எனவே ஒருவரிடம் ‘ரேகை வை’ என ஆணையிடுதல், ‘நீ குற்றவாளிகளின் வரிசையில் நில்’ என ஆணையிடுதலாகவே மக்களால் உணரப்பட்டது. தமிழர் வரலாற்றில் இவ்வாணைக்கு எதிராக எழுந்த மூன்று மறுப்புகள் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

முதலாவது, பொன் விளைந்த மற்றொரு நிலமாகிய டிரான்சுவாலில் நிகழ்ந்தது. ஆசியர் அனைவரும் கைரேகையுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் ஆணைக்கு எதிராக 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டமே காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்துக்குத் தொடக்கமாயிற்று. தம்பி நாயுடு உள்ளிட்ட தமிழர் பலர் சிறை சென்றனர். 1908 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டபோது, தாமாக முன்வந்து ரேகை வைக்கக் காந்தியடிகள் இசைந்தார். அதனை ஏற்காத ஒருவரால் தாக்கவும்பட்டார். கட்டாயச் சட்டம் நீக்கப்படாமை கண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவுச் சான்றுகள் தீயிலிடப்பட்டன. மையும் ஒன்று, விரலும் ஒன்று. இசைவோடு வைத்தால் அது உறுதிமொழி, கட்டாயத்தால் வைத்தால் அது இழிவு. அறவியல் வேறுபாடு ரேகையில் இல்லை, இசைவில் உள்ளது என்பதை இந்நிகழ்வு தெளிவுறுத்துகிறது.

இரண்டாவது, 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் நிகழ்ந்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வந்த காவலரைப் பிரமலைக் கள்ளர் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மூன்றாவது, தங்கவயலில் 1930 ஏப்ரலில் நிகழ்ந்தது. தொழிலாளர் தம் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அப்போது அங்குத் தொழிற்சங்கம் இல்லை. செய்தி வரிசை வரிசையாகக் குடியிருப்புகளில் பரவ, ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் இவ்வேலைநிறுத்தத்தைத் தனியே ஆராய்ந்துள்ளார். கூலிக் குறைவு, கடன், குடியிருப்பின் இழிநிலை எனப் போராடுதற்குரிய காரணங்கள் பல இருந்தும், பெரும்போராட்டத்துக்குத் தீ மூட்டியது ரேகைப் பதிவு என்பது சிந்தனைக்குரியது. வயிற்றுக்கு ஏற்பட்ட குறையைப் பல்லாண்டு பொறுத்தவர்கள், பெயருக்கு ஏற்பட்ட குறையை ஒரு நாளும் பொறுக்கவில்லை.

இம்மக்களின் அறிவுவாழ்வையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அயோத்திதாச பண்டிதர் (1845–1914) தொடங்கிய ‘தமிழன்’ இதழ், பிற்காலத்தில் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்தே வெளியிடப்பட்டது. பௌத்தமும் பகுத்தறிவும் அதில் விவாதிக்கப்பட்டன. அச்சுக்கோத்துத் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கிய ஒரு சமூகத்திடம், உன் கையெழுத்து வேண்டா, உன் கைரேகை போதும் எனக் கூறுவதன் பொருள் அவர்களுக்கு விளங்காமல் இல்லை.

எதிர்வாதமும் விடையும்

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். பொருளுடையவர் தம் பொருளைக் காத்தல் இயல்பு. பொற்கொல்லர் பட்டறையிலும் நாணயச் சாலையிலும் சோதனை உண்டு. சுரங்கத்தில் மட்டும் அதனை இழிவெனக் கூறலாமோ? மேலும் களவு உண்மையில் நிகழ்ந்த இடத்தில் ஐயம் எவ்வாறு அநீதியாகும்?

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சோதனை எல்லாம் அநீதி எனக் கொண்டால் காவல் என்பதே இல்லாதொழியும். களவை ‘ஏழையின் நீதி’ எனப் போற்றுவதும் பொருந்தாது. கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் பிறர் பொருளைக் கவர எண்ணுதலையே தீதெனக் கொள்வார். அதற்கு வறியவன் என்றும் செல்வன் என்றும் விலக்குக் கூறவில்லை. ஆனால் இவ்விலக்கின்மை இருபுறமும் வெட்டும் வாளாகும். கொடுங்கோன்மை அதிகாரத்தில் கோலேந்திப் பொருள் கேட்கும் மன்னன், வேலேந்தி வழிமறிக்கும் கள்வனோடு ஒப்பிடப்படுகிறான். கடற்கொள்ளையன் ஒருவன் அலெக்சாந்தரை நோக்கி, ஒரு கப்பலோடு செய்தால் கொள்ளை, பெரும்படையோடு செய்தால் பேரரசோ என வினவியதாக அகஸ்தீன் கூறும் செய்தியும் இதனோடு ஒத்தது. வெட்சித் திணையை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் எனப் புறப்பொருள் வெண்பாமாலை பகுப்பதும் ஈண்டு நினையத்தக்கது. ஆநிரை கவர்தல் என்னும் ஒரே செயல் யார் ஏவலால் நிகழ்கிறது என்பதைக் கொண்டு வகைப்படுகிறது. ஏவல் மாறினாலும் ஆநிரையை இழந்தவனின் இழப்பு மாறுவதில்லை.

ஆகவே சோதனையின் நீதியை அளக்க மூன்று வினாக்கள் போதுமானவை எனக் கொள்ளலாம். விதியை வகுத்தவர் அவ்விதிக்குத் தாமும் உட்படுகின்றாரா? விதி செயலை நோக்குகிறதா, பிறப்பையும் தொழிலையும் நோக்குகிறதா? கொள்வதற்குக் கணக்குக் கேட்பவர், தாம் கொண்டதற்கும் கணக்குத் தருகின்றாரா?

மூன்றாம் வினாவே தங்கவயலில் மிகக் கூர்மையாக நிற்கிறது. தொழிலாளியின் மடியிலிருந்து ஒரு துகள் பொன் வெளியேறுகிறதா எனக் காவலர் தேடினர். அதே வாயிலில் அவன் நுரையீரலில் பாறைத்தூள் வெளியேறிக்கொண்டிருந்தது. சிலிகோசிஸ் என்னும் நோய் தங்கவயல் தொழிலாளரிடையே பரவலாக இருந்ததை மருத்துவ ஆய்வுகள் பின்னர்ப் பதிவு செய்தன. பொன்னைக் கொண்டுபோகின்றானா என்னும் சோதனை நாள்தோறும் நிகழ்ந்தது. மூச்சை இழந்து போகின்றானா என்னும் சோதனை மிகத் தாமதமாகவே வந்தது. ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் கேட்கும் சட்டம் காவலாக இருக்கலாம். நீதியாக இருத்தல் இயலாது.

முடிவுரை

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு மேடுகள் எஞ்சின. வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் தலைமுறை உருவாயிற்று. 2020இல் மாரிக்குப்பம் பகுதியில் மூடப்பட்ட சுரங்கமொன்றில் திருடும் நோக்கோடு இறங்கியதாகக் கூறப்படும் மூவர் உயிரிழந்தனர். பாட்டனார் கூலிக்கு இறங்கிய குழியில் பேரன் திருட இறங்குவானாயின், இடையில் நிகழ்ந்தது என்ன என்று வினவாமல் ‘திருடர்’ என்னும் சொல்லோடு செய்தியை முடித்துவிடுதல் எளிது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் இளங்கோவடிகளின் கருத்து, ஆறலைப்போரைப் பிறப்பால் வந்தவராகக் கொள்ளாமல் நிலத்தின் திரிபோடு சேர்த்து எண்ணத் தூண்டுகிறது.

பேத்தமங்களாவில் பிறந்த இக்கட்டுரையாளருக்கு இளமை முதல் நினைவில் நிற்கும் காட்சி ஒன்று உண்டு. சுரங்கத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஓய்வூதியம் பெற வங்கிக்குச் செல்வார். வாயிற்காவலர் தம்மை நோக்கித் திரும்பினாலே அவருடைய இரு கைகளும் தாமாக மேலே உயரும். வாய் சற்றே திறக்கும். சோதிக்க எவரும் வரவில்லை என உணர்ந்ததும் நாணத்தோடு கைகளைத் தாழ்த்துவார். ஒருமுறை காரணம் வினவியபோது, “கைக்குப் பழகிப்போச்சு தம்பி, எனக்குத்தான் இன்னும் பழகல” என்றார். அவர் வாழ்நாளில் எதையும் திருடியவரல்லர் என ஊர் அறியும். ஆயினும் அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு இறுதிவரை அவர் கைகளிலேயே இருந்தது.

மதுரை வழக்கின் முடிவு இங்கு வழிகாட்டுகிறது. கண்ணகி மன்னனிடம் இரக்கம் வேண்டவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கச் செய்தாள். மெய்ப்பிக்கும் பொறுப்பை அரியணையின் முன் திருப்பி வைத்தாள். மாணிக்கப் பரல் தெறித்தபோது, கள்வன் என்னும் சொல்லைப் பாண்டியன் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிர் துறந்தான். அவன் பெருமை அவ்வேற்பில் உள்ளது. பின்வந்த ஆட்சிகள் அவன் ஆணையின் வடிவத்தைக் கைக்கொண்டன, அவ்வேற்பைக் கைக்கொள்ளவில்லை.

தங்கவயலைச் சட்டமற்ற கொள்ளையர் நிலமாகக் காட்டும் கதைகள் அம்மக்கள்மீது சாற்றப்பட்ட பழைய பழியைப் புதுமெருகோடு மீண்டும் சாற்றுகின்றன. அதற்கு விடையாகத் தங்கவயலில் களவே இல்லை என மறுப்பதும் வேண்டா. களவைப் புகழ்வதும் வேண்டா. கையில் இருப்பது எவ்வாறு வந்தது என்னும் வினா நேர்மையான வினாவே. அது சுரங்க வாயிலில் கைதூக்கி நின்றவனிடம் மட்டும் கேட்கப்பட்டு, 800 டன் பொன்னைக் கொண்டு சென்ற கைகளிடம் கேட்கப்படாமல் விடப்படும் வரை, அவ்வினாவுக்கு அறத்தின் தகுதி வாய்க்காது.